நாற்பத்தேழாம் பாட்டு

"பாட்டுத் தாள் எத்தனை காப்பிக்கா? பதினோரு மணிக்குள்ள குடுத்தாதான் சாயங்கால அடக்கத்துக்குப் பிரஸ்காரன் அடிச்சுத் தருவானாம்!" தம்பி வாசலிலிருந்தே கத்தினான்.

அவள் அப்பாவின் மேசையில் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அப்பா கிடந்தார். மூச்சு நின்று ஐந்து மணி நேரமாகிறது. ஒரு வாரமாகப் பக்கத்திலேயே கண்விழித்த அலுப்பில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அழுகை வரவில்லை, வந்தால் தேவலை என்றிருந்தது.

முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சபையின் ஆராதனை ஒழுங்கை எழுதியவர் அப்பா. எந்த ஞாயிறு எந்தப் பாட்டு, எத்தனை சரணம், யார் வேதம் வாசிப்பது, எல்லாம் அவர்தான். வருஷத்துக்கு ஒரு நோட்டு. பிரசங்கம் இருபது நிமிஷம் தாண்டினால் முன்வரிசையிலிருந்து ஓர் இருமல் கேட்கும். பாஸ்டர் மளமளவென்று ஆமெனுக்கு வந்துவிட வேண்டும். சபைக்கே பாட்டு எடுத்துக் கொடுத்த மனுஷனுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாற்பத்தேழு போட்டுடலாம்க்கா," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பாஸ்டர். அவளைவிடச் சின்னவர். "அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டுன்னு சொல்வீங்களே."

வரிக்கு வரி அல்லேலூயா வரும் பாட்டு. ஒன்பது வருஷத்துக்கு முன் அம்மாவின் அடக்கத்தில் அதைப் பாடச் சொல்லி அவள் கெஞ்சினாள். அப்போதும் இதே போல லெந்து காலம்தான், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம். "லெந்துல அல்லேலூயா கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் யார் வாயிலயும் வரக்கூடாது. அவளுக்குன்னு தனிச் சட்டமா?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். கல்நெஞ்சுக்காரர். அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள். மனம்விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றைக்குப் பேனா அவள் கையில். யார் கேட்கப்போகிறார்கள்? இருமக்கூட ஆள் இல்லை.

"போடுங்க பாஸ்டர்," என்றாள். பழி தீர்த்த மாதிரிதான் இருந்தது.

எத்தனை சரணம் என்று பார்க்க இந்த வருஷ நோட்டை எடுத்தாள். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கும் எழுதி முடித்திருந்தார். முதல் பாட்டு: 47. போன வருஷ நோட்டிலும் ஈஸ்டருக்கு முதல் பாட்டு 47. அதற்கு முந்தினதிலும் அதே. பத்து நோட்டுகள். அம்மா இறந்த வருஷத்து நோட்டில் மட்டும், எண்ணுக்குப் பக்கத்தில், பென்சிலில் பொடியாக ஒரு வார்த்தை: 'அவளுக்கு'. அதற்கு முன்னால் இருந்த நோட்டுகளில் வேறு வேறு பாட்டுகள்.

ஒன்பது ஈஸ்டர் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் நின்று அவளும் பாடியிருக்கிறாள், ஈஸ்டர் பாட்டுதானே என்று. அட பாவி மனுஷா, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

"அக்கா! எத்தனைன்னு சொல்லு!"

"இருநூறு. இருடா, பாட்டு மாறுது." பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நாற்பத்தேழு வேண்டாம் பாஸ்டர். லெந்துல அல்லேலூயா கிடையாது."

பாஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

வேறொரு பாட்டை எழுதித் தம்பியிடம் தாளைக் கொடுத்தனுப்பினாள். பிறகு ஈஸ்டர் பக்கத்துக்கு வந்தாள். '1, 2, 4 சரணங்கள் மட்டும்' என்று நேரம் பார்த்துக் குறித்திருந்தார். அவருடைய பென்சிலாலேயே அதை அடித்துவிட்டு, 'எல்லாச் சரணமும்' என்று எழுதினாள்.