பூஜை போட்ட பந்தயப் பெட்டி

என் தம்பிகள் இருவருக்கும் வாய்க்கு முன்னால் கை பேசும்.

அப்பாவின் வருடத் திதி முடிந்த கையோடு, நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்கா வருடம் அவர் வாங்கிய லாரி யாருக்கு என்ற சண்டை எங்கள் காஜா பேராங் வீட்டில் தொடங்கிவிட்டது. பெரியவன் பொன்னுதுரை “எனக்கு” என்றான். சின்னவன் ஜெயபாலன் “எனக்கு” என்றான். கிளேபாங் திடலில் அப்பா முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது எனக்கு. லாரி லைசென்ஸும் என்னிடம்தான் இருந்தது. அந்தக் கழுதைகள் ஒருநாளாவது “அக்கா, நீ ஓட்டுறியா?” என்று கேட்டதில்லை.

ஜெயபாலன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த வீடியோ கேம் பெட்டியில் கார் பந்தயம் இருந்தது. ஆயுத பூஜையன்று அதில் ஜெயிப்பவனுக்கு லாரி என்று முடிவு செய்தார்கள்.

லாரிச் சாவிக்கும் ஸ்பேனருக்கும் நான் சந்தனம் வைத்தேன். ஜெயபாலன் கேம் பெட்டியைத் தூக்கிவந்தான்.

“இதுவும் வண்டிதானேக்கா” என்று, கேசட் செருகும் வாயிலேயே சந்தனத்தை அள்ளி அப்பினான்.

பந்தயத்தில் பொன்னுதுரையின் கார் முந்திக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் படம் நடுங்கி அணைந்தது.

“வேணும்னேதான் சந்தனத்த அப்புனியாடா?” என்று கத்தினான் பொன்னுதுரை.

“சாமி சத்தியமா இல்ல லா, அண்ணே…”

சொல்லி முடிப்பதற்குள் ஜாய்ஸ்டிக் அவன் வாயில் இறங்கியது. பல் தெறித்து விழுந்தது. ஜெயபாலன் பாய்ந்து அண்ணன் காதைக் கடித்தான். பொன்னுதுரை சாமி படத்தடியில் இருந்த ஸ்பேனரை உருவி, தம்பியின் வலது கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஜெயபாலன் இடது கையால் குத்துவிளக்கைத் தூக்கி அண்ணன் நெற்றியைப் பிளந்தான். தரையில் எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. ஸ்பேனர் மறுபடியும் உயர்ந்தது, இந்தமுறை தலைக்கு நேராக.

நான் கேம் பெட்டியைப் பிடுங்கி பொன்னுதுரையின் முதுகில் ஓங்கி அடித்தேன். மூச்சு முட்டிச் சரிந்தான்.

“ஏறுங்கடா லாரில! ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“நீயாக்கா ஓட்டப்போற?” என்றான் ஜெயபாலன், ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு.

“பின்ன, ஒன் கையா ஓட்டும்?”

பூஜை போட்ட வண்டியை எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எடுக்கக்கூடாது. நான் முன்சக்கரத்தடியில் இருந்த பழத்தோடு அந்தப் பெட்டியையும் தள்ளி வைத்தேன். ஏறி கியரைப் போட்டேன். பெட்டி நொறுங்கியதை இருவரும் கேட்டார்கள்.

லாரி யாருக்கு என்று அதற்குப் பிறகு ஒருவனும் வாய் திறக்கவில்லை.