பதினாலாம் அறைக் கதவு

என் மகள் ஹேஸல் யாரையும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. பள்ளிக்கூடத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள், அவ்வளவுதான். அது கேமராவில் விழுந்துவிட்டது. அதற்காகத்தான் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு என்ற பெரிய பெயரோடு மூன்று பேர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். எந்தப் பிள்ளை துப்பாக்கியோடு வரப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது அவர்கள் வேலை. 'ஆபத்து' என்று முடிவு கட்டிவிட்டால் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

அந்த மூன்று பேருக்கும் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவள் நான். பள்ளிச் சமையலறைதான் என் வேலையிடம். உருளைக்கிழங்கு மசியலை யார் இரண்டாம் தரம் கேட்பார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். அன்று அவர்கள் முகத்தில் அந்தப் பழக்கம் மருந்துக்கும் இல்லை.

"எதுக்கும்மா கதவையெல்லாம் தள்ளிப் பாத்த?" என்றார் துணைத் தலைமையாசிரியை பிராண்ட்.

ஹேஸல் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பக்கத்திலிருந்த பள்ளி ஆலோசகர் அதை எழுதிக்கொண்டார். அவள் அழுதாள், அதையும் எழுதினார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தபோது பயத்தில் லேசாகச் சிரித்துத் தொலைத்தாள். பேனா இன்னும் வேகமாக ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்றால் பிள்ளை என்னதான் செய்யும்?

பள்ளிக் காவலர் டேல் என் பக்கம் திரும்பினான்.

"வீட்ல துப்பாக்கி இருக்கா, லோரெட்டா?"

"இல்ல."

"யார்கிட்ட கதை விடுற? போன வேட்டை சீசன்ல உன் புருஷனும் நானும் ஒரே மரத்தடியிலதான குளிர்ல பல்லு கிட்டிக்க உக்காந்திருந்தோம். அந்த மான் கறிய நீதான எனக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்த?"

மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கே லீவு விடுகிற ஊர் இது. துப்பாக்கி இல்லாத வீடு என்றால் நாய்கூட நம்பாது. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வந்ததும் என் புருஷன் ராய்ஸ், நல்லது செய்வதாக நினைத்து, இரண்டு துப்பாக்கிகளையும் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

"நேத்துதான் அவங்க அண்ணன் வீட்ல வச்சிட்டு வந்தாரு."

"கூட்டம்னு தெரிஞ்சப்புறமா?" டேலின் குரல் மாறியது. "எதுக்கு மறைக்கணும்?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆலோசகர் தாளைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் அதையும் எழுதுவார்.

"பதினாலாம் ரூம் கதவு பூட்டல," என்றாள் ஹேஸல் திடீரென்று.

"என்னது?"

"சுடுறவன் வந்தா எப்படி ஒளியணும்னு ஒத்திகை வச்சீங்கல்ல? டீச்சர் பூட்டிட்டு லைட்ட அணைச்சாங்க. நான் கதவோரமா உக்காந்து சும்மா சாஞ்சேன், தொறந்துக்கிச்சு. சொன்னா, 'உஷ், பேசாத'ன்னாங்க. அதான் மத்த கதவாவது பூட்டுதான்னு பாத்தேன். எங்க ஓடணும்னு தெரிய வேணாமா?"

டேல் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "புள்ள சரியாத்தான் சொல்லுது. தள்ளுனா தொறக்குது."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அது ஒரு நொடிதான்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார் பிராண்ட்.

"இல்ல."

"சொல்லாத. எந்தக் கதவு பூட்டாதுன்னு வெளிய பரவுனா அதவிட ஆபத்து வேற இல்ல. பூட்டு கோடை லீவுலதான் மாத்துவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "பொண்ணு வகுப்புக்கு வரட்டும், லோரெட்டா. ஆனா தினமும் பையச் சோதிப்போம். கதவு விஷயம் ஒரு வார்த்தை கசிஞ்சாலும் உங்க வீட்லருந்துதான்னு எடுத்துப்போம். அப்புறம் இவ இங்க இருக்க முடியாது."

நான் தலையாட்டினேன். ஆட்டாமல்?

அடுத்த வாரம் ஒலிபெருக்கி அலறியது. கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், மறைந்துகொள்ளுங்கள். ஒத்திகையா நிஜமா என்று அவர்கள் சொல்வதில்லை. நானும் என்னோடு தட்டு கழுவும் மார்னியும் சமையலறைச் சாமான் அறைக்குள் ஓடி, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மார்னியின் மகன் ஓவனும் ஹேஸலும் ஒரே வகுப்பு. அந்த நேரம் இரண்டு பேரும் பதினாலாம் அறையில் இருந்தார்கள்.

மார்னி இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"லோரெட்டா, டீச்சர் கதவ நல்லாப் பூட்டியிருப்பாங்கல்ல?"

நான் வாயைத் திறந்தேன். நாளைக் காலை ஹேஸல் பள்ளிப் பையை மாட்டுவாளா மாட்டமாட்டாளா என்பது அந்த வாயில்தான் இருந்தது.

"பூட்டியிருப்பாங்க," என்றேன்.

மார்னி பெருமூச்சு விட்டு, நிம்மதியாக என் தோளில் சாய்ந்துகொண்டாள்.