கிணற்றின் கிழக்குப் பக்கம்

தபீதாள் டீச்சரின் குரோம்பேட்டை வீட்டில், கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பாதிக் கற்கள் இருந்தன. டைனோசர் காலத்துப் பாறை அது. உளி வைத்துப் பிளந்தால் உள்ளே இருக்கும் இலை இரண்டு பாதியிலும் பதிந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதி, ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதைத் தான் வைத்துக்கொள்வாள். ஐம்பது வயதில் தனியாக இருப்பவளுக்கு இதைவிட நல்ல துணை உண்டா என்றால், உண்டுதான். அவளுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே.

கற்கள் கிடைத்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், குப்புராஜின் வயல் கிணற்றில். 1965இல் பள்ளிப் பிள்ளைகளோடு போனபோது, வெட்டிப் போட்ட குவியலில் முதல் இலையைப் பார்த்தாள். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பத்ரிநாராயணன் என்ற நிபுணருக்கு அனுப்பினாள். அவர் கைப்பட எழுதினார்: "அருமையான இலை. இன்னும் அனுப்புங்கள். ஒருநாள் நேரில் வந்து பார்க்கிறேன்."

அதைப் பிடித்துக்கொண்டே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டாள். மாதம் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் ஏறிக் கிணற்றுக்குப் போவாள். கல்லைப் பஞ்சிலும் செய்தித்தாளிலும் சுற்றி, கடிதத்தையும் உள்ளேயே வைத்து, சணல் கயிற்றால் கட்டுவாள். கல்லும் அதன் குறிப்பும் பிரியக்கூடாது என்பது அவள் படித்த முறை. குறிப்பு என்றுதான் ஆரம்பிப்பாள். அனகாபுத்தூரில் ஆற்று வெள்ளம் ஏறியது, அம்மா இறந்தது, எல்லாம் அதில் வந்துவிடும். பதிலுக்கு அச்சடித்த அட்டை வரும்: 'பெற்றுக்கொண்டோம்.' கீழே அவர் கையெழுத்து. பெரிய மனிதருக்கு நேரம் ஏது என்று அவருக்காகத் தானே வாதாடிக்கொள்வாள்.

குப்புராஜுக்குத்தான் தலைவலி. கிணற்றின் மூன்று பக்கமும் கல் கட்டிவிட்டு, கிழக்குப் பக்கத்தை டீச்சருக்காக அப்படியே விட்டிருந்தார். மழைக்கு மழை அது சரிந்தது.

"அந்த சார் எப்பத்தான் வருவாரு டீச்சரம்மா? பம்புசெட்டே உள்ள பூடும் போல கீது."

"அடுத்த மாசம் கண்டிப்பா வருவார்" என்றாள் அவள். அன்றைக்கே எழுதிப் போட்டாள்: சுவரை மூடப்போகிறார்கள், உடனே வாருங்கள்.

அவர் வரவில்லை. ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்தது. கூடவே ஒரு கடிதம்: "இடமில்லாததால் திருப்பி அனுப்புகிறோம். திரு. பத்ரிநாராயணன் 1966இல் ஓய்வு பெற்றுவிட்டார்." அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். கையெழுத்து எல்லாம் ஒரே ரப்பர் முத்திரை. பெட்டிக்குள் முதல் கல் மட்டும் பிரித்திருந்தது. மற்றவை அவள் போட்ட முடிச்சோடேயே கிடந்தன. ஒன்றுகூட அவிழவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை, பிரித்திருந்த அந்த முதல் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"சுவரைக் கட்டிடுங்க. யாரும் வரமாட்டாங்க."

"ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னாள்.

"அப்ப நீங்க எழுதின லெட்டரெல்லாம்?"

"உள்ளேயேதான் இருக்கு."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினாலும் தகும். குப்புராஜ் துண்டை உதறிப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேஸ்திரி மத்தியானம்தான் வருவாரு. அதுக்குள்ள அந்த எலைய எனக்குக் காட்டுங்க. ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடமாகச் சுவரைத் திறந்து வைத்திருந்தவருக்கு அவள் ஒரு இலையைக்கூடக் காட்டியதில்லை.