காதுக்கு எட்டிய தூரம்

மாணவர்கள் வருவதற்கு முன்பே அவள் பட்டறைக்கு வந்துவிடுவாள். மெயின் சுவிட்சைப் போட்டு, உலோகம் கடையும் முதல் லேத்தை ஓடவிட்டு, அதன் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அதிர்வு சீராக இருந்தால் அடுத்தது. துளை போடும் இயந்திரம், மரம் அறுக்கும் வட்ட ரம்பம், தூசியை இழுக்கும் பெரிய விசிறி என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போவாள். "அக்கா மெஷினுக்கெல்லாம் குட் மார்னிங் சொல்றாங்கடா" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். காது கைவிட்டதால்தான் கையை நம்புகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டறைக்கு அவள்தான் பொறுப்பு. சேர்ந்த புதிதில் அது வெறும் பட்டறை. பிறகு பக்கத்து வராந்தாவையும் அடைத்து, த்ரீடி பிரின்டர்களை வரிசையாக வைத்து, சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, 'மேக்கர் ஸ்பேஸ்' என்று பெயர் மாட்டினார்கள். கூட்டம் இரட்டிப்பானது. சத்தத்துக்குப் போட்டுக்கொள்ளும் காது மூடிகள் மட்டும் பழைய கணக்கிலேயே நின்றன. ஒன்று குறைந்தால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். எல்லா வகுப்பிலும் ஒன்று குறைந்தது. மேலே கேட்டுப் பார்த்தாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள்.

முதலில் குக்கர் விசில் காதைவிட்டுப் போயிற்று. அடுப்பில் வைத்தது கருகி, புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் அது இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்தது என்று புரிந்தது. அப்புறம் பெண்பிள்ளைகளின் குரல் தேய்ந்தது. உதட்டைப் பார்த்துச் சமாளித்தாள். முகமூடி போட்டுக்கொண்டு பேசினால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அவர்கள் கை காட்டிய பக்கம் போவாள். டீ நேரத்தில் மற்றவர்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டாள். நாலு பேர் பேசும்போது யார் வாயைத்தான் பார்ப்பது? அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே பேசியிருந்தாலாவது தெரிந்திருக்கும்.

வீட்டில் அவள் ஒருத்திதான். கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். ஒரு ஞாயிறு ஃபோனில் "அம்மா", "லீவுக்கு", "வர" என்று மூன்று சொற்கள் மட்டும் தெளிவாக விழுந்தன.

"ரொம்ப சந்தோஷம்டி கண்ணு. உள் ரூமை ஒழிச்சு வைக்கிறேன்" என்றாள்.

மகள் இன்னும் ஏதோ சொன்னாள். இவள் "சரிம்மா, சரிம்மா" என்றாள். பிறகு பார்த்தால் ஃபோன் துண்டிக்கப்பட்டிருந்தது. அன்றைக்கே உள் அறையைப் பெருக்கித் துடைத்து, புது விரிப்பு போட்டாள். மாலையில் செய்தி வந்தது: "இந்த லீவுக்கும் வர முடியலன்னு சொன்னா சந்தோஷம்னு சொல்றே. நான் வராம இருந்தா அவ்வளவு நிம்மதியாம்மா உனக்கு?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். காது விஷயம் தெரிந்தால் மகள் வேலையை விடச் சொல்வாள். விட்டுவிட்டு இந்தச் சுவர்களுக்கு நடுவே என்ன செய்வது? கடைசியில் "ஏதோ நினைப்புல சொல்லிட்டேன்டி" என்று மட்டும் அனுப்பினாள். விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வாரத்தில் அது நடந்தது. மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அலுமினியத் தகட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். மடித்துவிட்டிருந்த சட்டைக்கை அவிழ்ந்து துளைப்பானில் மாட்டிக்கொண்டது. இவள் பக்கத்து மேசையில், முதுகைக் காட்டியபடி இரும்புத்தூளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். தூசி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையின் மறுகோடியிலிருந்து ஒருவன் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தான். யாரோ இடித்துக்கொண்டு ஓடியதால்தான் அவள் திரும்பினாள். பெண்ணின் சட்டைக்கை முழங்கை வரை முறுக்கிச் சுற்றியிருந்தது. அடியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

துணியை வெட்டி விடுவிக்கும்போது அந்தப் பெண் அழுதபடி கேட்டது உதட்டில் தெரிந்தது. "கூப்பிட்டேனேக்கா... பக்கத்துலதான நின்னீங்க?"

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

காது டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கேள்விகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டினார். எல்லாம் மெஷின் சத்தத்தால் வந்தது, போனது போனதுதான் என்று கடைசியில் எழுதினார்.

துறைத் தலைவரின் அறை பட்டறைக்கு நேர் மேலே இருந்தது. கீழேயிருந்து வரும் இரைச்சலில் தலைவலிக்கிறது என்று அவர் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, சுவர் முழுக்க நுரைப்பலகை அடித்திருந்தார். அதற்கு அளவெடுத்து வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார். தாளைப் பார்த்துக்கொண்டே ஏதோ பேசினார்.

"சார், கொஞ்சம் என்னைப் பாத்துப் பேசுங்க."

அவர் நிமிர்ந்தார். "வயசானா வர்றதுதானேம்மா இது? அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. லேசான வேலையா மாத்தித் தர்றேன்."

"வயசால போகல சார். டாக்டரே சொல்லிட்டாரு."

"சொல்லட்டும். நீங்க மெஷின் சத்தத்தாலன்னு எழுதினா கமிட்டி வரும். காது கேக்காம ஏன் பொறுப்புல இருந்தீங்க, ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாங்க. அந்தப் பொண்ணு கைக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"காது மூடி வேணும்னு எவ்வளவு காலமா கேட்டேன் சார்?"

"இப்ப ஆர்டர் போட்டாச்சேம்மா. பொண்ணோட அப்பா வந்து கத்தின அன்னைக்கே போட்டாச்சு."

மறைத்தது உண்மைதானே என்று அவளுக்குத் தோன்றியது. உரிந்த தோல் கண்ணைவிட்டு அகலவில்லை. பேனாவை வாங்கினாள்.

சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போன அன்று, கையில் கட்டுப் போட்ட அந்தப் பெண் பட்டறை வாசலில் நின்றிருந்தாள். அருகே வந்து தோளைத் தொட்டாள். முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக, "எங்க போறீங்கக்கா?" என்று கேட்டாள். இப்படி நின்று நிதானமாக அவளிடம் யாரும் பேசி எத்தனையோ காலமாயிற்று. "இங்கதான், ஆபீஸ் கட்டடத்துக்கு" என்று சொல்லிவிட்டு, பெண்ணின் கன்னத்தைத் தடவிவிட்டு நடந்தாள்.

லேசான வேலை என்று கிடைத்தது விசாரணைக் கவுன்ட்டர். தடித்த கண்ணாடி, அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். அட்மிஷன் நேரம், வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது. முதல் ஆள் துவாரத்தில் வாயை வைத்துப் பேசினார். அவள் உதட்டைப் பார்த்தாள். பாதி புரிந்தது. காதைத் திருப்பித் துவாரத்தில் வைத்தாள். அப்போது உதடு தெரியவில்லை. மறுபடி முகத்தைத் திருப்பினாள். அவருக்குப் பின்னால் இருந்தவர்களின் வாய்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. மேசையில், அவள் முழங்கையை ஒட்டி, தொலைபேசியில் அழைப்பைக் காட்டும் சிறிய சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.