நாலாவது முடிசூட்டு

கண்ணுகளா, திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் பானுப்ரியா. அவளுக்கு ஒரு கார்ட்டூன் தொடர் என்றால் உயிர். மேகத்தின் மேல் ஒரு நகரம், அதன் நடுவில் ஒரு மணி. யார் வந்து நின்றதும் மணி தானாக அடிக்கிறதோ, அவர்தான் அரசர். நல்ல மனசைப் பார்த்து அடிக்கிறது என்பார்கள் சிலர், ராஜ ரத்தத்தைப் பார்த்து என்பார்கள் சிலர். வாட்ஸப் குழுவில் தினமும் இதே சண்டை.

பானு வேறொன்றைப் பார்த்தாள். தொடரில் இதுவரை மூன்று முடிசூட்டு. மூன்றிலும் தூண் மறைவில் துடைப்பத்தோடு ஒருத்தி நிற்கிறாள். மணி அடிக்கும்போது அவளுடைய ஒரு கை மட்டும் தெரியாது. கயிறு அந்தக் கையில். அரசரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பெருக்குகிறவள் என்பது பானுவின் தியரி.

விழுப்புரத்தில் யூடியூப் சேனல் நடத்தும் தென்னரசுவிடம் போனில் சொன்னாள்.

“உங்க பேரப் போட்டே வீடியோ பண்றேங்கா.”

வீடியோ வந்தது, பேர் வரவில்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ‘அது நான் சொன்னதுங்க’ என்று குழுவில் எழுதினாள். ‘அண்ணன் வீடியோவத் திருடிக்கினு பேச்சப் பாரு’ என்றார்கள். போனில் பேசியதற்குச் சாட்சி ஏது? அன்றிலிருந்து குழுவில் அவள் பேர் திருடி.

அழுதுகொண்டே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு இடத்தில் அழுகை நின்றது. அன்றைக்குப் போனில் அவசரத்தில் வலது தூணை இடது தூண் என்று சொல்லியிருந்தாள். அவனும் இடது தூண் என்கிறான். அப்படியானால் பயல் தொடரைப் பார்த்ததே இல்லை.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“கோவமெல்லாம் இல்லப்பா. நாலாவது முடிசூட்டுல பாரு, அந்தம்மா காலடியில மல்லாட்டத் தோலு கெடக்கும். மணிக்குள்ள கிளி இருக்குது. அதுக்குக் கடல ஒடச்சிப் போட்டதுதான்.”

“தங்கம்க்கா நீங்க.”

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர் கூட்டம். தென்னரசு மைக்கைப் பிடித்தான். “நாலாவது முடிசூட்டு. நானே நாப்பது தடவ பாத்துட்டேன்.”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கடைசி வரிசையில் பானு எழுந்தாள்.

“தம்பி, அந்த சீனக் கொஞ்சம் போட்டுக் காட்டுப்பா.”

தேடினான். முன்வரிசையில் குழு அட்மின் வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மொத்தமே மூணுதாண்ணே. நாலாவது உங்க வூட்ல நடந்துச்சா?”

மண்டபமே சிரித்தது. அவன் பானுவைக் கைகாட்டினான். “நான் இல்லீங்க. தோ, அந்த அக்காதான் சொன்னாங்க.”

“மொதல்ல வந்த தியரி?” என்றாள் பானு. “அது யாரு சொன்னது?”

சிரிப்பு நின்றது. மைக் அவன் கையில்தான் இருந்தது.

“அதுவும் நீங்கதாங்கா.”

செல்லில் பதிவாகிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு பானு வெளியே நடந்தாள். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது அதைக் குழுவில் போட்டாள். திண்டிவனம் போவதற்குள் அவனே கூப்பிட்டான்.

“அந்த வீடியோவ எடுத்துடுங்கக்கா. பேஜாரா பூடுச்சி.”

“எடுக்கறேன்பா,” என்றாள் அன்பாக. “அஞ்சாவது முடிசூட்டு அன்னைக்கு எடுக்கறேன்.”