ஒரு ஆலாக் கூடு

எண்ணப் போகும்போது அக்காவுக்கு ஒரே சட்டம்தான்: இரண்டு பேர் கண்ணிலும் பட்டால்தான் தாளில் ஏறும். பறவையோ பட்டாம்பூச்சியோ, ஒருத்தி மட்டும் பார்த்தது செல்லாது. பதினோரு கோடையாக இந்தக் கரையில் நாங்கள் இப்படித்தான் நடக்கிறோம்.

இந்த முறை விளையாட்டில்லை. மணல் அள்ளும் லாரிகள் சாலையோரம் வரிசைகட்டி நின்றன. வெறும் மணலில் முட்டையிடும் ஆலாப் பறவையின் கூடு ஒன்றே ஒன்று, முட்டையோடு இருந்தாலும், குஞ்சு பறக்கும்வரை லாரி கரையில் இறங்கக் கூடாது. இல்லையென்றால் நாளைக் காலை மொத்தக் கரையும் அவர்களுக்கு. வனத்துறை அதிகாரி எங்கள் தாளுக்காக ஜீப்பில் காத்திருந்தார்.

கரையோரப் பொதுக் கழிப்பறைச் சுவரில் ஒரு அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டினேன்.

"பாத்துட்டேன், எழுது" என்றாள் அக்கா, வேறு பக்கம் பார்த்தபடி. எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் போய், ஒன்றுமே இல்லாத புதரைக் காட்டினேன்.

"அக்கா, மஞ்சள் பட்டாம்பூச்சி. ரெண்டு."

"பாத்துட்டேன், எழுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் பார்த்த உள்ளான் குருவியை எழுதச் சொல்லி எத்தனை நாள் இவளிடம் தொண்டை வறளக் கெஞ்சியிருப்பேன்! மசிந்தாளா? கண் மங்குகிறது என்று கூடப்பிறந்தவளிடம் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

அப்போது ஒரு ஆலா வந்து, கத்திக் கத்தி எங்கள் தலையைக் கொத்த இறங்கியது. கூடு பக்கத்தில் இருந்தால்தான் அது அப்படிச் செய்யும். அசையாமல் நின்று தேடினேன். பத்தடி தள்ளி, சிப்பிகளுக்கு நடுவே, மணல் நிறத்தில் இரண்டு முட்டைகள்.

அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்திருக்க வேண்டும். என் வாய்க்கொழுப்பு விடவில்லை.

"கூடு இருக்குக்கா. எங்கேன்னு நீயே சொல்லேன், பாப்போம்."

அக்காவின் முகம் செத்துப்போனது. தன் கண் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று புரிந்துகொண்டாள்.

"ஏன், எனக்குத் தெரியாதா?" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

"நில்லுக்கா!" என்று நான் அலறியபோது அவள் கால் இறங்கிவிட்டது.

அவள் அந்தக் காலைத் தூக்கவில்லை. செருப்போரம் மஞ்சள் கசிந்து மணலில் ஊறியது.

"ரெண்டுமா?" என்றாள், திரும்பாமல்.

"எத்தனைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டுதானடி வைக்கும்."

ஜீப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஆலா எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்தது. கூட்டுக்கான கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். முதல்முறையாக அவள் என்னைப் பிடிக்கவிட்டாள்.

அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லாப் பாத்தீங்கல்ல?"

அக்கா செருப்பை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லாப் பாத்தேன் சார்" என்றேன்.