கட்டிலுக்கடியில் மேலாளர்

தாயில்லாத நாய்க்குட்டிகளைக் கொஞ்ச நாள் வளர்த்துத் தர ஓய்வுபெற்ற மேலாளர் சம்மதித்திருந்தார். வீடு பத்திரமாக இருந்தால்தான் தருவேன் என்றிருந்தார் கால்நடை மருத்துவர். மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அலுவலகத் தோரணையிலேயே அறையைப் பார்வையிட்டார்.

“எல்லாம் சரியா இருக்கு.”

“உங்க உயரத்துக்குச் சரிதான். குட்டிங்க உயரத்துல பாருங்க,” என்றாள் மனைவி.

யாருக்கும் குனியாதவர் தவழ்ந்தார். கட்டிலுக்கடியில் மின்கம்பி தொங்கியது. ஒரு மாத்திரை உருண்டு கிடந்தது. எடுக்கப் போனவரின் தொப்பை மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மருத்துவர் கூடையோடு வந்தார். “சார் இல்லையா?”

“கட்டிலுக்கடியில மீட்டிங்ல இருக்கார்மா.”

மாத்திரையோடு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

“அப்ப குட்டிங்கள நம்பி விடலாம்,” என்று மருத்துவர் கூடையை இறக்கினார்.

ஒரு குட்டி தள்ளாடிப் போய் மேலாளரின் மூக்கை நக்கியது. அவர் வெளியே வர அவசரப்படவில்லை.